பேரேட்டைப் படித்துக் காட்டியவர்

மகான்களின் சரித்திரங்களைத் தேடிப் படிக்கின்ற நாம், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரின் சரித்திரத்தைக் கேட்க ஒரு நாழிகை ஒதுக்குவதில்லை. கூட்டுறவு இயக்கத்தைப் பற்றி எழுத நேரும்போது சட்டங்களையும் ஆண்டறிக்கைகளையும் புரட்டுகிறோம். அந்த இயக்கத்தைத் தோளில் சுமந்து வந்த மனிதர்களை மறந்துவிடுகிறோம். இக்குறையை ஓரளவேனும் நீக்கிக்கொள்ளும் எண்ணத்துடன், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நம்முடைய பெரிய தந்தையாரை அவர் இல்லத்தில் கண்டு, அரை நாள் உடனிருந்து உரையாடினோம்.

அவர் 1936-ஆம் ஆண்டில் கொங்கு நாட்டு நெசவாளர் ஊர் ஒன்றில் பிறந்தவர். 1954 முதல் 1994 வரை நாற்பது ஆண்டுகள் அவ்வூர்க் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உதவியாளராகவும், கணக்கராகவும், முடிவில் காரியதரிசியாகவும் பணியாற்றியவர். சொந்த உறவினரைப் பற்றி எழுதுவது தற்புகழ்ச்சியாகுமோ என்ற தயக்கம் நமக்கு இருந்தது. "என் பெயரையும் ஊரையும் எழுதாதே, எழுதினால் அது என்னைப் பற்றிய கட்டுரை ஆகிவிடும். எழுதாவிட்டால் சங்கத்தைப் பற்றிய கட்டுரை ஆகும்" என்று அவரே நிபந்தனை விதித்து நம் தயக்கத்தைத் தீர்த்து வைத்தார்.

நாம் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தோம். இளமை நினைவுகளில் மறக்க முடியாதது எது? இந்தத் தொழிலுக்கு உங்களை அழைத்தது எது? யாரை முன்மாதிரியாகக் கொண்டீர்கள்? அவற்றைக் கேட்டதும் அவர் சிரித்தார். "மூன்றும் ஒரே கேள்விதான், கண்ணு. ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் அதற்குள்ளேயே வந்துவிடும்" என்றார்.

பாவடியில் கழிந்த இளமை

வீடென்பது ஒரே அறை. அதன் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. தந்தை குழியில் கால்களை இறக்கி மிதியை மிதிப்பார். நாடா இப்புறமும் அப்புறமும் ஓடும். சுவரோரமாக அமர்ந்து தாய் இராட்டையில் தார் சுற்றுவார். பாட்டி சிட்டத்தைப் பிரித்துச் சிக்கெடுப்பார். தறியின் ஓசை நின்றால்தான் வீட்டில் குழந்தைகள் விழித்துக்கொள்வார்களாம். ஓசை இருக்கும் வரையில் நல்ல உறக்கம்.

ஆனால் அவர் முதலில் நினைவுகூர்ந்தது வீட்டையன்று, பாவடியை. பொழுது புலரும் முன்னரே தெருவின் நடுவே பாவை நீட்டிக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சி தோய்த்து, பெரிய தூரிகையால் வாரிவிட்டு, வெயில் கடுமையாவதற்கு முன் காயவைத்து எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் மழைத்துளி விழுந்துவிட்டால் பல நாள் உழைப்பு வீணாகும். ஆகையால் வானம் கறுத்ததும் யாரேனும் ஒருவர் குரல் கொடுப்பார். மறுகணமே தெருவில் உள்ள அத்தனை பேரும், தறியில் அமர்ந்திருந்தவர்கள் உட்பட, ஓடிவந்து பாவைச் சுருட்டுவார்கள்.

"யாருடைய பாவு என்று அப்போது ஒருவரும் கேட்டதில்லை. பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே பாவின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஓடியதை நான் கண்டிருக்கிறேன். கூட்டுறவு என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்" என்றார் பெரியவர்.

கணக்கையும் அவர் நூலிலிருந்தே கற்றார். ஒரு சிட்டம் 840 கஜம். 40-ஆம் நம்பர் நூலில் ஒரு ராத்தலுக்கு 40 சிட்டம். பத்து ராத்தல் கொண்ட ஒரு கட்டில் 400 சிட்டம். இதைக் கொண்டு அவருடைய தாய் பெருக்கல் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மையார் பள்ளிக்கூடம் போனவரல்லர், எழுதவும் தெரியாது. ஆயினும் எண்ணுவதில் பிழை வராது. ஒரு ராத்தல் நூலின் நீளம் 33,600 கஜம் என்று ஒரு நாள் மகன் சிலேட்டில் போட்டுக் காட்டினான். அதை மைலாக மாற்றினால் பத்தொன்பதுக்குச் சற்று மேல். "பத்தொன்பது மைலா! அதனால்தான் என் கை இப்படி வலிக்கிறது" என்று தாய் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு இன்னும் செவியில் இருக்கிறது என்றார். அத்தனை மைல் நூலைத் தாரில் ஏற்றிய கைக்கு எந்தக் கணக்கேட்டிலும் தனியாகக் கூலி எழுதப்பட்டதில்லை. நெசவுக்கூலி ஆணின் பெயரில் வரும்; பெண்ணின் வேலை அதற்குள் அடங்கியதாகக் கொள்ளப்படும்.

இரண்டு முறை எழுதிய கடன்

உலகப் போரின்போது நூலுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. துணிக்கும் நூலுக்கும் 1943-இல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. சொந்தமாக நூல் வாங்க வசதியற்ற நெசவாளர்கள், நூல் கொடுத்துத் துணி பெற்றுக்கொள்ளும் முதலாளியையே அண்டி நின்றார்கள். நம் பாட்டனாரும் அவ்வாறே ஒரு முதலாளியிடம் பாவு வாங்கி நெய்து வந்தார். முன்பணம் உண்டு, பேரேடு முதலாளியின் வீட்டில் உண்டு, அதில் எழுதியிருப்பதைப் படிக்கும் ஆற்றல் மட்டும் பாட்டனாருக்கு இல்லை.

1948-ஆம் ஆண்டு. நம் பெரிய தந்தையாருக்குப் பன்னிரண்டு வயது. துணி கொடுத்துக் கணக்குப் பார்க்கத் தந்தையுடன் சென்றிருந்தார். முதலாளி பேரேட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே யாரோ அழைக்க எழுந்து போனார். சிறுவன் எட்டிப் பார்த்தான். தீபாவளிக்கு வாங்கிய முன்பணம் பதினைந்து ரூபாய், ஐப்பசியில் ஒரு முறையும், கார்த்திகையில் மறுமுறையும் பற்றெழுதப்பட்டிருந்தது. முதலாளி திரும்பி வந்ததும் சிறுவன் உரத்த குரலில், "ஐயா, இந்தப் பதினைந்து ரூபாய் இரண்டு இடத்தில் இருக்கிறதே" என்று கேட்டுவிட்டான்.

முதலாளி கோபிக்கவில்லை. "அடடா, கைப்பிழை" என்று சொல்லி ஒரு வரியை அடித்துவிட்டார். பையன் கெட்டிக்காரன் என்று பாராட்டவும் செய்தார். ஆனால் அடுத்த வாரம் பாவு கேட்டுப் போனபோது நூல் வரவில்லை என்று பதில் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் அதே பதில். பக்கத்து வீட்டுக்குப் பாவு போயிற்று. இவர்கள் வீட்டுத் தறி மட்டும் இருபது நாள்கள் ஓசையின்றிக் கிடந்தது. தாயின் காதில் இருந்த கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று.

"நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வீட்டில் சோறு இருந்திருக்கும் என்று நினைத்து ஒரு நாள் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து பார்த்தாள். 'கம்மல் போனால் வரும். எழுதியதை நீ படித்தாயே, அது போகாது. இனி மற்றவர்களுக்கும் படித்துச் சொல்' என்றாள். எனக்கு உத்தியோக உத்தரவு அன்றைக்கே வந்துவிட்டது, சங்கம் கொடுத்தது ஆறு வருஷம் கழித்துத்தான்" என்றார்.

ஜாமீன் நின்ற மாமன்

முதலாளியை விட்டு விலகிச் சங்கத்தில் சேரலாமென்று பாட்டனார் எண்ணினார். ஆனால் பழைய கடனைத் தீர்க்காமல் விலக முடியாது. அப்போது கைகொடுத்தவர் பாட்டியாரின் தமையனார். அவர் நெசவை விட்டு நிலத்துக்குப் போனவர். கவலை இறைத்துக் கிணற்றுப் பாசனத்தில் கம்போடியாப் பருத்தி பயிரிட்டவர். கோடை விடுமுறைகளில் நம் பெரிய தந்தையார் அந்தத் தோட்டத்தில்தான் இருப்பார். பருத்தி வெடிப்பதும், எடுப்பதும், அது நூலாகித் தம் வீட்டுத் தறிக்கு வருவதும் ஒரே சங்கிலி என்பதை அங்கே கற்றதாகச் சொன்னார்.

அந்த மாமன் தம் ஊரின் விவசாயக் கடன் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினர். அக்காலத்துக் கிராமக் கடன் சங்கங்கள் பலவும் வரையறையற்ற பொறுப்புடையவை. அதாவது, சங்கம் நொடித்தால் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பங்குத்தொகையளவில் மட்டுமின்றித் தம் சொத்து முழுவதற்கும் பொறுப்பாவார். ஆகையால் யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு ஜாமீன் நிற்பது என்பதை ஊரார் மிகவும் கவனத்துடன் தீர்மானிப்பார்கள். மாமன் ஓர் அண்டை நிலக்காரருக்கு ஜாமீன் நின்றார். மழை பொய்த்தது, அவரால் கடனைக் கட்ட முடியவில்லை. மாமன் பருத்தி விற்ற பணத்தில் அதைக் கட்டினார். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, "கையெழுத்துப் போட்டேன்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

அத்தகையோர் அன்று எவ்வளவு சிறுபான்மையினராக இருந்தனர் என்பதை அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு பின்னர் வெளிப்படுத்திற்று. 1951-52-ஆம் ஆண்டில் உழவர்கள் வாங்கிய கடனில், நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாயளவே கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தவை. ஏறத்தாழ எழுபது ரூபாய் வட்டிக்காரர்களிடம் வாங்கியது. சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் 1895-இலும் 1897-இலும் அறிக்கை எழுதி, 1904-இல் முதற்சட்டம் வந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்த பின்னும் நிலைமை இதுதான். சட்டம் சங்கத்தைப் பதிவு செய்யும். ஜாமீன் நிற்கும் மனிதரை அது உண்டாக்கித் தராது.

அரிக்கேன் விளக்கின் கீழ்

மாமன் கொடுத்த பணத்தால் கடன் தீர்ந்தது. பாட்டனார் நெசவாளர் சங்கத்தில் பங்கு எடுத்தார். அங்கேதான் நம் பெரிய தந்தையார் தம்முடைய ஆசானைக் கண்டார். அவர் சங்கத்தின் கணக்கர். மெலிந்த உருவம், காதில் எப்போதும் ஒரு பென்சில். மாதத்தின் கடைசி நாளன்று மாலை, பாவடியில் ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துப் பேரேட்டைத் திறப்பார். இன்னாருக்குக் கொடுத்த நூல் இவ்வளவு, வந்த துணி இவ்வளவு, கூலி இவ்வளவு, சேமிப்பு நிதிக்குப் பிடித்தது இவ்வளவு என்று ஒவ்வொரு பெயராக உரக்கப் படிப்பார். படித்த பின், "சரியா?" என்று கேட்பார். உரியவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் அடுத்த பெயர்.

எந்த விதியும் அவரை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாஸ் புத்தகத்தைக் கொடுத்தால் போதாது என்பது அவர் கொள்கை. விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் வேலை சிறுவனுக்குக் கிடைத்தது. சில மாதங்களில் கணக்கருக்குத் தொண்டை கட்டிய ஒரு நாள், படிக்கும் வேலையும் கிடைத்தது. தன் தந்தையின் பெயர் வந்தபோது படித்து நிறுத்தி, "சரியா?" என்று கேட்டான் மகன். தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு "சரி" என்றார்.

படிப்பு முடிந்ததும் கணக்கர் கதை சொல்வதுண்டு. அவற்றுள் பையனைப் பெரிதும் கவர்ந்தது இங்கிலாந்திலுள்ள ராச்டேல் ஊரின் கதை. 1844-இல் அவ்வூர்த் தொழிலாளர்கள் 28 பேர், அவர்களுள் நெசவாளரும் பலர், வாரந்தோறும் சில பென்னிகளாகச் சேர்த்து 28 பவுன் திரட்டினர். அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் தேதி ஒரு சந்தில் பழைய கிடங்கின் கீழ்த்தளத்தில் கடை திறந்தனர். விற்பனைக்கு இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு போன்ற ஒரு சில பண்டங்களே. ஆனால் கலப்படமில்லை, எடை குறையவில்லை, ஓர் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு, மிச்சப்பட்ட இலாபம் வாங்கிய சரக்கின் விகிதப்படி அங்கத்தினருக்கே. "அவர்களும் தறிக்காரர்களா?" என்று பையன் மீண்டும் மீண்டும் கேட்பானாம். கடல் கடந்த நாட்டில் தன் தந்தையைப் போன்றவர்கள் இதைச் செய்தார்கள் என்பதே அவனுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

கஞ்சி வரிசை

1952-இல் கைத்தறிக்கு வந்த நெருக்கடியை அந்தத் தலைமுறையினர் மறக்கமாட்டார்கள். துணி தேங்கிற்று, சங்கத்தின் கிடங்கில் இடமில்லை, புதுப் பாவு கொடுக்க முதலில்லை. தறிகள் வரிசை வரிசையாக நின்றன. ஊரில் கஞ்சித் தொட்டி வைத்தார்கள்.

பதினாறு வயதுப் பையன் கையில் குவளையுடன் வரிசையில் நின்றான். தலை நிமிரவில்லை. நெய்த துணியை விற்க முடியாமல் இரந்து உண்ண நேர்ந்ததே என்ற வெட்கம். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார், சங்கத்துக் கணக்கர். அவர் கையிலும் ஒரு குவளை. பின்னர்தான் தெரிந்தது, மூன்று மாதங்களாக அவர் சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை. ரொக்கப் பெட்டியின் சாவி அவருடைய இடுப்பில் இருந்தது. "பெட்டியில் இருப்பது அங்கத்தினருடைய சேமிப்பு நிதி. கூலி பாக்கி நிற்கும்போது என் சம்பளத்தை எப்படி எடுப்பது?" என்று பின்னொரு நாள் சொன்னாராம்.

இதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் தழுதழுத்தது. நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம்.

அந்த நெருக்கடியில் நாடு முழுவதும் நெசவாளருக்காகக் குரல் எழும்பியது. வேட்டியும் புடவையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று அன்றைய முதலமைச்சர் இராஜாஜி வற்புறுத்தினார். அறிஞர் அண்ணாவும் அவருடைய இயக்கத்தினரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். 1952-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1953-இல் ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு மூன்று பை வீதம், அதாவது அணாவில் கால் பங்கு, கூடுதல் தீர்வை விதித்து, அந்நிதியைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் வந்தது. சங்கங்கள் மெல்லத் தலை நிமிர்ந்தன.

1954-இல் பெரிய தந்தையாருக்கு இரண்டு வேலைகள் காத்திருந்தன. ஒன்று, நூற்பாலையில், நிலையான சம்பளம். மற்றது, சங்கத்தில் கணக்கருக்கு உதவியாளர் வேலை, சம்பளம் குறைவு. ஆலைக்குப் போகச் சொன்னார் தந்தை. மகன் சங்கத்துக்குப் போனான். அந்த முடிவுக்காகத் தந்தை ஓராண்டு வரையில் அவனோடு சரியாகப் பேசவில்லையாம். குடும்பம் அதனால் சிரமப்பட்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை: "அப்பா சொன்னதில் தவறில்லை. வீட்டில் தங்கையின் கலியாணம் இருந்தது. நான் ஆலைக்குப் போயிருந்தால் அது இரண்டு வருஷம் முன்னதாக நடந்திருக்கும்."

அணாவும் நயா பைசாவும்

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. ஓர் அணாவுக்குச் சரியாக ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்று அட்டவணை வெளிவந்தது. கடைத்தெருவில் இதனால் எழுந்த சச்சரவுகள் பல.

சங்கத்தில் எழுந்த கேள்வி வேறு. உதாரணமாக ஒரு புடவைக்குக் கூலி ஒரு ரூபாய் இரண்டணா என்று கொள்வோம். ஒவ்வொரு புடவைக்கும் தனித்தனியே மாற்றினால் ஒரு ரூபாய் 12 நயா பைசா. மாதத்துக்கு 24 புடவை நெய்தவருக்கு 26 ரூபாய் 88 நயா பைசா வரும். ஆனால் அணாவிலேயே கூட்டினால் 24 புடவைக்குச் சரியாக 27 ரூபாய். ஒருவருக்கு 12 நயா பைசாதான் வித்தியாசம். 200 அங்கத்தினருக்கு மாதம் 24 ரூபாய் ஆகிவிடும். சங்கத்துக்கு இலாபம், நெசவாளருக்கு நஷ்டம். சட்டப்படி குற்றமும் இல்லை.

இருபத்தொரு வயது உதவியாளர் இதைக் கணக்கரிடம் காட்டினார். மாதக் கூலியை முழுவதும் அணாவில் கூட்டி, இறுதியில் ஒரே முறை மாற்றுவது என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. பாவடியில் அந்த மாதம் கணக்குப் படித்தபோது, இரண்டு விதமாகவும் கூட்டிக் காட்டி, எதனால் இவ்வாறு செய்கிறோம் என்பதை விளக்கினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி, "பன்னிரண்டு பைசாவுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டாராம். அதற்குக் கணக்கர், "அது உன் பன்னிரண்டு பைசா, ஆத்தா" என்று பதில் சொன்னார்.

குறைந்த நூல்

நல்லதை மட்டும் எழுதினால் கட்டுரை பொய்யாகும் என்று சொல்லி, அவரே ஒரு செய்தியைத் தந்தார். பழைய கணக்கர் ஓய்வு பெற்றுவிட்டார். இவர் கணக்கராகிச் சில ஆண்டுகள். ஆண்டு இறுதியில் நூல் இருப்பை எண்ணியபோது ஒரு கட்டு, 400 சிட்டம், குறைந்தது. இரவெல்லாம் எண்ணினார். குறைந்தது குறைந்ததுதான். வாங்கும்போது எண்ணாமல் கையொப்பமிட்டதாகவும் இருக்கலாம். கொடுக்கும்போது தவறியதாகவும் இருக்கலாம்.

சேதாரம் என்ற பெயரில் அங்கத்தினர் கணக்குகளில் ஆளுக்கு இரண்டு சிட்டம் பரப்பிவிட்டால் பேரேடு நேராகிவிடும்; ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. "செய்ய நினைத்தேன், கண்ணு. பென்சிலால் எழுதியும் பார்த்தேன்" என்றார். எழுதி முடித்ததும் ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு முறை எழுதப்பட்ட அந்தப் பதினைந்து ரூபாய் கண் முன்னே வந்து நின்றதாம். விடிந்ததும் பழைய கணக்கரின் வீட்டுக்குப் போனார். முழுவதையும் கேட்ட முதியவர், "உன்னுடைய பிழையை நீயே படித்துக் காட்டு. மற்றவர்கள் படிக்க வைக்காதே" என்று மட்டும் சொன்னார்.

மகாசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்துக் காட்டினார். சிலர் ஏசினர், ஒருவர் திருட்டு என்றே சொன்னார். நூலின் விலையைச் சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டினார். அதோடு, நூல் வாங்கும்போது இருவர் சேர்ந்து எண்ணுவது, அங்கத்தினரும் தாமே எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடுவது என்ற விதி சங்கத்தில் ஏற்பட்டது. திருட்டு என்று சொன்னவரே அடுத்த ஆண்டு மகள் கலியாணத்துக்குச் சேர்த்த பணத்தை இவரிடம் கொண்டுவந்து கொடுத்து, சங்கத்தில் வைப்பாகப் போடச் சொன்னாராம்.

யார் முன்மாதிரி?

பெரிய தலைவர்களில் யாரைப் போற்றுகிறீர்கள் என்று கேட்டோம். காந்தியடிகளை அடுத்து அவர் சொன்ன பெயர், ஜெர்மனி நாட்டின் ரைபைசன். 1818-இல் பிறந்த அவர் கண்பார்வை கெட்டு இராணுவத்தை விட்டு விலகினார். 1845-இல் வையர்புஷ் என்னும் பகுதிக்கு ஊர்த்தலைவரானார். 1846-47 குளிர்காலப் பஞ்சத்தில் வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி, அடுப்புக் கட்டி, ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். தருமம் மட்டும் போதாது, ஏழைகள் தாமே சேர்ந்து தம்மைக் காத்துக்கொள்ள வேண்டுமென்ற முடிவுக்கு வந்து, 1864-இல் ஹெட்டஸ்டார்பில் கடன் சங்கம் கண்டார். பார்வை மேலும் மங்கியபோது மகள் அமாலியே அவருக்குக் கண்ணாக இருந்து எழுத்து வேலைகளைச் செய்தார்.

"ஆனால் ரைபைசன் தூரத்து விளக்கு. எனக்குக் கிட்டத்து விளக்குகள் மூன்று. எழுதத் தெரியாமல் எண்ணத் தெரிந்த அம்மா. கையெழுத்துப் போட்டேன் என்று சொன்ன மாமா. குவளையோடு வரிசையில் நின்ற கணக்கர். தாம் யாருக்கோ முன்மாதிரி என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது" என்றார்.

காரியதரிசியானதும் அவர் முயன்று செய்த காரியம், பெண்களைத் தம் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்த்ததுதான். தாயின் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறாமலே போயிற்று என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு. 2019-20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள கைத்தறித் தொழிலாளர் 35 இலட்சத்துச் சொச்சம் பேரில் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள் என்பதை நாம் சொன்னபோது, அவர் தலையசைத்து, "எண்ணவாவது தொடங்கினார்களே" என்றார்.

அதே கணக்கெடுப்புகள் மற்றொன்றையும் காட்டுகின்றன. 1995-96-இல் 65 இலட்சத்துக்கு மேல் இருந்த கைத்தறித் தொழிலாளர், 2009-10-இல் 43 இலட்சமாகி, பத்தாண்டுகளில் 35 இலட்சமாகக் குறைந்துவிட்டனர். பெரியவரின் வீட்டிலும் இப்போது தறி இல்லை. பேத்தி கணக்குப் பதிவியல் படிக்கிறாள். அவள் தறிக்கு வரவில்லையே என்ற வருத்தம் உண்டா என்று கேட்டோம். "வயிறு நிறையாத தொழிலுக்குப் பிள்ளையை வா என்று அழைக்க எனக்கு உரிமை இல்லை. கூலி உயரட்டும், தானே வருவார்கள். ஆனால் அவள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எழுதியதை எழுதப்பட்டவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதைத்தான் கேட்டிருக்கிறேன்" என்றார்.

பெரியவருக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. நம் மாத இதழை அவருடைய மகள்தான் படித்துக் காட்டுகிறார். முதலில் எதைக் கேட்பார் என்று விசாரித்தோம். சங்கத்தின் வரவு செலவுப் பக்கத்தைத்தான் என்றார் அந்தச் சகோதரி. ஒவ்வொரு தொகையும் படித்தபின் சிறிது நிறுத்த வேண்டுமாம்; அவர் "சரி" என்று சொன்ன பிறகே அடுத்தது.

அங்கத்தினர்களே! நம் சங்கங்களில் இன்று கணினி வந்துவிட்டது. கணக்குகள் கணப்பொழுதில் அச்சாகி வருகின்றன. பேரேட்டைத் தொட்டு எழுதும் கை குறைந்துவிட்டது. அதனால் நம் கடமை குறைந்துவிடவில்லை. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஐந்தொகையைப் படித்ததாகப் பாவித்து நிறைவேற்றிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடாதீர்கள். உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத வரியை நிறுத்திக் கேளுங்கள். உங்களுடைய பன்னிரண்டு பைசாவை நீங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? கணக்கைப் படிப்பவரும், "சரியா?" என்று கேட்டு, விடை வரும் வரையில் காத்திருப்பாராக.